வட்டக்கச்சிக் கிறவலுக்கு எந்தக் குடும்ப வண்டி? வெசலா, ரெய்ஸா, விட்டாராவா?

2025 பெப்ரவரி 8

புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணை, வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். வீட்டில் ஐந்து பேர், அதில் ஒருவர் நடக்கச் சிரமப்படும் அம்மா. பழைய ஹொண்டா வெசல் ஒன்றை எடுப்பதா, கொஞ்சம் பொறுத்துப் புது டொயோட்டா ரெய்ஸ் எடுப்பதா? வீட்டிலிருந்து வெளிக்கிட்டால் முதல் நாலு கிலோமீற்றரும் கிறவல் றோட்டு."

தம்பி, இதே கேள்வி கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் எங்கள் வீட்டிலும் தைப்பொங்கலில் இருந்து ஓடுகிறது. என் பதிலை ஒரே சொல்லில் சொல்கிறேன்: பொறுங்கள். புதுசு எடுங்கள்.

காரணம் இதுதான். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு இந்த மாதம் முதலாம் திகதிதான் கதவு திறந்தது. அதிலும் மூன்று வருடத்துக்கு மேற்பட்ட பழைய காரை இறக்க முடியாது. அப்படியானால் இப்போது நாட்டில் ஓடும் முதல் தலைமுறை வெசல் எல்லாமே அந்த நிறுத்தத்தோடு முன்பின்னாக வந்து இறங்கியவை. ஏறத்தாழ ஐந்து வருடமாவது நம் றோட்டுகளில் அடி வாங்கியவை. பழசு வாங்கும்போது முன்னைய ஆளின் பாவத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம்.

2025 பெப்ரவரி 11

மேலே எழுதியதில் பாதியைத் திரும்ப எடுக்கிறேன்.

நேற்றுக் கிளிநொச்சி டவுனில் இரண்டு இடத்தில் விலை கேட்டேன். தீர்வை, உற்பத்தி வரி, அதன்மேல் 18 வீதம் வற் எல்லாம் ஏறி வரும் தொகையைக் கேட்டபோது, இரண்டு ஏக்கர் வயலை விற்றாலும் மிச்சத்துக்கு லீசிங் போகவேண்டும் என்று விளங்கியது. "பொறுங்கள்" என்று சொல்வது எனக்குச் சுகம். பொறுத்தாலும் எட்டாத விலையென்றால் அந்தப் புத்திமதியால் பயனில்லை.

இன்னொன்று. நாம் "புதுசு" என்று சொல்லும் ரெய்ஸ்களில் பல, ஜப்பானில் ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஓடி, இங்கே பதியாமல் வந்து நிற்பவை. உண்மையான பூச்சிய மீற்றர் வண்டி வேறு, பதியாத வண்டி வேறு. விலை கேட்கும்போது இந்த இரண்டையும் பிரித்துக் கேளுங்கள்.

வண்டியைப் பற்றி: ரெய்ஸ் 2019 நவம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. அப்போது 996 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ. நீளம் 3,995 மில்லிமீற்றர், அகலம் 1,695. அடிப்பகுதி நிலத்திலிருந்து 185 மில்லிமீற்றர் உயரம். கிறவலுக்கு இந்த 185 நல்ல எண். இடைஞ்சல் அகலத்தில்தான். நானும் மகனும் பின்னால் இருந்து நடுவில் மனைவியை இருத்திப் பார்த்தோம். யாழ்ப்பாணம் வரை மூன்று பெரியவர்கள் அப்படிப் போகமுடியாது. இரண்டு பெரியவர்களும் ஒரு சின்னப் பிள்ளையும் என்றால் சரி.

2025 பெப்ரவரி 12

ஒருவர் கேட்டிருந்தார், "ரெய்ஸைச் செய்வது டைஹட்சுதானே, அவர்கள் பரிசோதனையில் ஏதோ பிழை விட்டார்களாமே?" உண்மைதான். 2023 மே மாதம் ரெய்ஸ் ஹைபிரிட்டின் (பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள வகை) பக்கவாட்டு மோதல் சோதனையில் முறைகேடு வெளிவந்தது. அந்த டிசம்பரில் டைஹட்சு எல்லா மொடல்களின் அனுப்புதலையும் நிறுத்தியது. 2024இல் மறுபடி தொடங்கியது. நான் இதைக் குறிப்பிடாமல் விட்டது என் பிழை. பிள்ளைகளை ஏற்றும் வண்டி என்றால் இதைத் தெரிந்துகொண்டே முடிவெடுக்கவேண்டும்.

2025 மார்ச் 2

இப்போது வெசல். இதைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்துவது கஷ்டம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2013 டிசம்பரில் ஜப்பானில் வந்த வண்டி. இங்கே ஓடுவதில் அதிகம் ஹைபிரிட்தான். 1.5 லீற்றர் எஞ்சின். அதன் கியர்பொக்ஸ் நம் கராஜ்களுக்குப் பழக்கமான ஓட்டோ கியர் இல்லை. ஏழு கியர், இரண்டு கிளச், அந்தக் கியர்பொக்ஸுக்குள்ளேயே மின்மோட்டார். 2014இல் கியர்பொக்ஸ் மென்பொருள் காரணமாக ஜப்பானிலேயே ஹொண்டா இந்த வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தது. இது எல்லோருக்கும் தெரிந்த பழைய கதை, மறைக்க ஒன்றும் இல்லை. அந்தச் சாசி இலக்கத்தில் வேலை முடிந்ததா என்று ஹொண்டாவின் ஜப்பான் இணையத்தளத்தில் பார்க்கலாம். விற்பவரிடம் கேட்காமல் நீங்களே பாருங்கள்.

இரண்டு கிளச்சும் எண்ணெயில் ஊறாத உலர் கிளச். வேகமாகப் போகும்போது அது நன்றாக வேலை செய்யும். ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடேறும். மிஞ்சினால் கியர்பொக்ஸ் வெப்பம் என்று திரையில் எச்சரிக்கை வரும். கொழும்புக்காரருக்கு இது நெரிசல் பிரச்சினை. எங்களுக்கு வேறு விதம். மணல் பாதை, வயல் வரம்பு, டிப்பர்கள் கிண்டிவிட்ட கிறவல். அங்கே மணிக்கு ஐந்து கிலோமீற்றருக்கு மேல் ஓட்ட இடமில்லை. கால்வாசி கிளச் பிடித்தபடியே வண்டி நகரும். நாலு கிலோமீற்றர் அப்படியென்றால் ஒரு நாளைக்குப் போக எட்டு, வர எட்டு.

(திருத்தம்: போக நாலு, வர நாலு, மொத்தம் எட்டு. இரவில் எழுதியது.)

ஆனால் வெசலின் நல்லவற்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். பெற்றோல் தாங்கி முன் இருக்கைகளுக்குக் கீழே இருப்பதால் பின் சீற்றை மேலே மடித்து நிறுத்தலாம். அந்த இடத்தில் இரண்டு நெல் மூட்டையை நிமிர்த்தி வைக்கலாம். பின் சீற்றில் முழங்காலுக்குத் தாராளமாக இடம். இந்த அளவுக் கார்களில் இவ்வளவு புத்தியாக இடம் ஒதுக்கியதை நான் வேறெதிலும் பார்க்கவில்லை.

2025 மார்ச் 3

ஒரு முக்கிய விடயம் மறந்துவிட்டேன். ஜப்பானில் இருந்து வந்த ஹைபிரிட் வெசலில் மேலதிகச் சில்லு இல்லை. பஞ்சரானால் ஊற்றி அடைக்கும் மருந்தும் சின்னப் பம்பும் மட்டும்தான். ஆணி ஏறினால் அது உதவும். கிறவல் கல் ரயரின் பக்கச் சுவரைக் கிழித்தால் அந்த மருந்தால் ஒன்றும் நடக்காது. ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடையில் இரவு எட்டு மணிக்கு ஒருதரம் நின்று பார்த்தால் இது விளங்கும். அங்கே ஆள் வருமுன் யானை வரும்.

ரயர் அளவையும் பாருங்கள். 215/60 16 அங்குலம் என்றால் ரயரின் சுவர் உயரம், கிறவலில் மெத்தென்று போகும், சில்லு வளையாது. 18 அங்குல அலோய் போட்ட ஆர்எஸ் ரக வெசல் பார்க்க அழகு. இங்கே அதை விரும்பாதீர்கள்.

2025 மார்ச் 9

"பெற்றோல் செலவைப் பார்த்தால் ஹைபிரிட்தானே அண்ணை" என்று மல்லாவியிலிருந்து ஒருவர். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எங்கள் வீட்டு ஓட்டம் வருடத்துக்கு 12,000 கிலோமீற்றர் என்று வைக்கிறேன். ஹைபிரிட் லீற்றருக்கு 16 ஓடினால் 750 லீற்றர். சாதாரணப் பெற்றோல் வண்டி 12 ஓடினால் 1,000 லீற்றர். வித்தியாசம் 250 லீற்றர். லீற்றர் ஏறத்தாழ 300 ரூபாய் என்றால் வருடத்துக்கு 75,000 ரூபாய்.

சின்னக் காசு இல்லை. ஆனால் பத்து வயதான ஹைபிரிட் பற்றறியோ கிளச் தொகுதியோ மாற்ற வந்தால் சில வருடச் சேமிப்பு ஒரே பில்லில் போய்விடும். அத்தோடு வண்டியைத் தூக்கி ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகவேண்டும். போகும் நாள், திரும்பும் நாள், இடையில் எங்கள் அம்மாவின் கிளினிக் நாள். இதற்கெல்லாம் நான் விலை போடவில்லை.

மக்கள் ஹைபிரிட்டை ஏன் கட்டிப்பிடிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கும். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் க்யூஆர் பங்கீடு வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். அந்த இருபதில் யாழ்ப்பாணம் போய்வந்து மிச்சமும் வைத்தவர்கள் ஹைபிரிட்காரர்கள்தான். வரிசையில் படுத்து எழும்பிய யாரும் அதை மறக்கமாட்டார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை.

2025 மார்ச் 23

அளவெல்லாம் எழுதினேன். இன்று எங்கள் அம்மாவை வண்டிகளில் ஏற்றிப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனோம், பாதி அளவுகள் வேண்டாத அளவுகளாகிவிட்டன.

அம்மாவுக்கு வலது முழங்காலுக்குக் கீழே 2009இல் பட்ட செல் துண்டு இன்னும் இருக்கிறது. கால் முழுதாக மடியாது. ஓட்டோவில் ஏறும்போது பல்லைக் கடிப்பார். வாடகை வானில் படி உயரம், இரண்டு பேர் பிடிக்கவேண்டும். ஆகவே அவர் எப்படி ஏறுகிறார் என்பதைத்தான் பார்க்கவேண்டும் என்று மனைவி சொன்னாள். அதை நான் முதலே யோசித்திருக்கவேண்டும்.

மூன்று வண்டி. மச்சானின் வெசல், மனைவியின் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவரின் டொயோட்டா சிஎச்ஆர், எங்கள் வாய்க்காலுக்கு அடுத்த வளவில் நிற்கும் 2016ஆம் ஆண்டு சுசுக்கி விட்டாரா.

அம்மா ஏறும் முறை இது. முதலில் சீற்றுக்கு முதுகு காட்டி நிற்பார். இடக் கை என் தோளில், வலக் கை கதவின் மேல் விளிம்பில். மெல்லப் பின்னால் சாய்ந்து இருப்பார். ஒரு மூச்சு விடுவார். பிறகு சேலையோடு சேர்த்து வலது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைப்பார். இந்த மூன்று அசைவுக்கும் இடம் வேண்டும். சீற் இடுப்பளவில் இருக்கவேண்டும். வாசல்படி அகலம் குறைவாக இருக்கவேண்டும். தலைக்கு மேல் கூரை தடுக்கக்கூடாது.

சிஎச்ஆரில் கூரை பின்னால் சரிந்து வருகிறது. அம்மா இருக்கும்போதே தலை குனிந்து, குனிந்தபடியே காலைத் தூக்க வேண்டியிருந்தது. ஹைபிரிட்டின் அடிப்பகுதி உயரமும் 140 மில்லிமீற்றர்தான், அது தார் றோட்டுக்கான அளவு. பின்யன்னலும் சின்னது. உள்ளே இருந்துகொண்டு, "இருட்டாக்கிடக்கு" என்றார்.

வெசலில் நன்றாக ஏறினார். ஆனால் பின் கதவின் கைப்பிடி கண்ணாடிக்குப் பின்னால் மேலே ஒளிந்திருக்கிறது. அம்மா கதவெங்கும் கையால் தடவிப் பார்த்தார், கிடைக்கவில்லை. சின்னவளுக்கும் எட்டவில்லை. சிஎச்ஆரிலும் அதே இடம்தான். கார் அழகாகத் தெரிய இரண்டு கதவு போலக் காட்டியிருக்கிறார்கள்.

விட்டாராவில் கைப்பிடி வழக்கமான இடத்தில். அம்மா தானே திறந்தார். முதுகைக் காட்டினார், இருந்தார். என் தோளில் கை வைக்கவே இல்லை. இருந்துகொண்டு சீற்றை உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டி, "தம்பி, இது எங்கட திண்ணை உயரம்" என்றார்.

வீட்டுக்கு வந்து ரேப் வைத்து அளந்தேன். திண்ணைக்கும் அந்தச் சீற்றுக்கும் இரண்டு விரல் வித்தியாசம். முப்பது வருடமாக அவர் ஏறி இறங்கும் உயரம் அது.

2025 மார்ச் 24

விட்டாராவைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாக: 1.6 லீற்றர் பெற்றோல், டர்போ இல்லை, மின்மோட்டார் இல்லை. வழக்கமான ஆறு கியர் ஓட்டோ. ஹங்கேரியில் செய்தது. 2015இல் இருந்து வரும் உருவம். ஜப்பானில் இதற்கு எஸ்குடோ என்று பெயர். அடிப்பகுதி உயரம் 185 மில்லிமீற்றர். நீளம் 4,175, ரெய்ஸை விடக் கிட்டத்தட்ட ஒரு சாண் கூட. டிக்கி 375 லீற்றர்.

குறை: உள்ளே பிளாஸ்டிக் கடினம். வெசலுக்குள் இருந்துவிட்டு வந்தால் ஏழை வீடு போல இருக்கும். பெற்றோல் குடிக்கும். நெல் மூட்டையை நிமிர்த்தி வைக்க முடியாது.

2025 ஏப்ரல் 20

முதல் பழைய வண்டியைப் போய்ப் பார்த்தோம். எந்த ஊர், எந்தக் கடை, எந்த மொடல் என்று எழுதமாட்டேன். மொடலில் குறை இல்லை, அந்த ஒரு வண்டியில்தான். ஆனால் நடந்ததை எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் நான் கிட்டத்தட்ட முற்பணம் கொடுத்துவிட்டேன்.

"நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்" என்று முதல்நாளே சொல்லியிருந்தேன். போய்ப் பொனற்றில் கை வைத்தேன், சூடு. குளிர்ந்த எஞ்சின் எழும்பும் சத்தத்தை நாங்கள் கேட்கக்கூடாது என்று முன்பே எழுப்பி வைத்திருக்கிறார்கள். அப்போதே திரும்பியிருக்கவேண்டும். வண்டியின் நிறம் சின்னவளுக்குப் பிடித்துப்போனது, நின்றுவிட்டோம்.

எங்கள் ஊர் மெக்கானிக் தம்பி ஸ்கேனர் கொண்டுவந்தான். குறைக் குறியீடு ஒன்றுகூட இல்லை. நான் சந்தோஷப்பட்டேன், அவன் முகம் மாறியது. "அண்ணை, இதில் சுய பரிசோதனை ஒன்றும் முடியவில்லை என்று காட்டுது. கிட்டடியில்தான் எல்லாத்தையும் அழிச்சிருக்கினம்." குறியீடுகளை அழித்தால் வண்டியின் கணினி தன் பரிசோதனைகளை முதலில் இருந்து செய்யவேண்டும், அதற்குக் கொஞ்ச நாள் ஓட்டம் தேவை. சுத்தமாகத் தெரியும் ஸ்கேன் எப்போதும் நல்ல செய்தி இல்லை என்று அன்று படித்தேன்.

பிறகு அவன் பின் சீற் பெல்ற்றை இழுத்தான். நாம் இழுக்கும் அளவுக்கு இல்லை, சுருள் முடியும் வரை. கடைசி ஒரு சாணில் மண்ணிறக் கோடு. கோட்டுக்குக் கீழே நாடா விறைத்துப்போய் இருந்தது. நகத்தால் சுரண்டினான், மாவு போல மண் உதிர்ந்தது. சேறு கலந்த வெள்ளம் அந்த உயரத்துக்கு உள்ளே நின்றிருக்கிறது. கம்பளத்தை மாற்றலாம், சீற்றைக் கழுவலாம், பெல்ற்றின் கடைசிச் சாணை யாரும் வெளியே இழுத்துக் கழுவுவதில்லை.

விற்றவர் அது ஜப்பான் தூசு என்றார். நாங்கள் வெளிக்கிட்டுவிட்டோம். திரும்பும் வழியில் முறிகண்டியில் நிறுத்தி ஒரு தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கினோம். பிள்ளையார் காசைக் காப்பாற்றிவிட்டார் என்றார் அம்மா.

2025 ஏப்ரல் 21

நேற்றையதோடு சேர்த்து வாசியுங்கள். வண்டி பார்க்கப் போகும்போது நாங்கள் இப்போது பார்ப்பவை:

ரயரில் நாலு இலக்கம் இருக்கும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆம் வாரம். நாலு ரயருக்கும் நாலு வேறு வேறு வயது என்றால் ஏன் என்று கேளுங்கள். பொனற், மட்காட் பூட்டும் ஆணித் தலைகளில் பெயின்ற் உடைந்திருந்தால் கழற்றியிருக்கிறார்கள். நாலு கண்ணாடியிலும் வருடக் குறி ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். மீற்றர் 60,000 காட்டி பிறேக் மிதியின் ரப்பர் வழுவழுத்திருந்தால் மீற்றரை நம்பாதீர்கள், ரப்பரை நம்புங்கள். ஜப்பானில் எண்ணெய் மாற்றியபோது ஒட்டிய சின்ன ஸ்ரிக்கர் சாரதிக் கதவுப் பக்கம் இருந்தால் அதிலுள்ள கிலோமீற்றரை ஒப்பிடுங்கள். அதைக் கிழித்த தடம் இருந்தாலும் அதுவும் ஒரு பதில்தான்.

ஓட்டிப் பார்க்கும் இடம் ஏ9 தார் றோட்டு இல்லை. ஏ9இல் எல்லா வண்டியும் நல்ல வண்டி. கிறவலில் இருபதில் ஓட்டுங்கள், யன்னலைத் திறந்து, ரேடியோவை நிறுத்தி. டங் என்று ஒரே அடியாகக் கேட்டால் சில்லைத் தாங்கும் பாகங்களின் ரப்பர் புஷ், கடகட என்றால் அங்குள்ள லிங்க் தண்டு, ஒரு குழிக்கு மூன்று தரம் ஆடினால் சொக் அப்சோபர். இது என் காது சொல்லும் கணக்கு, மெக்கானிக்கிடம் உறுதி செய்யுங்கள். பிறகு ஒரு வாய்க்கால் ஏற்றத்தில் பின்னுக்கு எடுத்துப் பாருங்கள். கிளச் களைத்த வண்டி அங்கே நடுங்கும்.

2025 ஜூன் 15

கொஞ்ச நாள் எழுதவில்லை. சிறுபோக வேலை, பிறகு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். பொங்கலுக்கு மச்சானின் வெசலில் போனோம். திரும்பும்போது ஆயிரக்கணக்கான சனத்துக்கு நடுவே முக்கால் மணி நேரம் ஊர்ந்தோம்.

மார்ச்சில் நான் எழுதியதற்கு ஒரு திருத்தம் சொல்லவேண்டும். வண்டி ஒரு தரம்கூட எச்சரிக்கை காட்டவில்லை. மச்சான் ஊர்ந்து போகவில்லை. முன்னால் இரண்டு வண்டி நீள இடம் வரும்வரை பிறேக்கை நன்றாக மிதித்து நின்றான், இடம் வந்ததும் ஒரே மூச்சில் போய் மறுபடி நின்றான். பிறேக்கை அழுத்தினால் கிளச் விலகி ஓய்வெடுக்கும் என்றான். 2015இல் இருந்து அதே வண்டி, அதே ஆள். பழகிய கைக்கு அது நல்ல வண்டிதான். ஆகவே என் மார்ச் குறிப்பை "வெசல் வேண்டாம்" என்று எடுத்திருந்தால், அதை "யாருடைய கையில் இருந்தது என்று தெரியாத வெசல் வேண்டாம்" என்று மாற்றி வாசியுங்கள்.

2025 ஜூலை 6

எடுத்துவிட்டோம். பக்கத்து வளவு விட்டாராவேதான். அவருடைய மகன் கனடாவுக்குக் கூப்பிட்டுவிட்டான், வண்டியை என்ன செய்வதென்று அவரே வந்து கேட்டார். ஒன்பது வருடமாக அந்த வண்டி எங்கள் கண்ணுக்கு முன்னால்தான் ஓடியது. எங்கே இடித்தது, எப்போது ரயர் மாற்றியது எல்லாம் தெரியும். ஜப்பான் வண்டிகளோடு வரும் ஏல விபரத்தாளை விட இது பெரிய அத்தாட்சி.

அப்படியிருந்தும் கடுதாசி வேலையில் தயவு பார்க்கவில்லை. வாகனப் பதிவுச் சான்றான சிஆர் புத்தகத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் முழு உரிமையாளராக இன்னும் இருந்தது. கடன் கட்டி முடிந்து நாலு வருடம், பெயரை நீக்க யாரும் போகவில்லை. நீக்கிய பிறகுதான் மிச்சப் பணம் கொடுத்தேன். சாசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியிலேயே பார்த்து ஒப்பிட்டோம். வருமான அனுமதிப் பத்திரம், புகைப் பரிசோதனை, விற்றவரின் அடையாள அட்டைப் பிரதி. "ஓபன் பேப்பரில் வைத்திருங்கள், பதிவுப் பெயரைப் பிறகு மாத்தலாம்" என்று சொல்பவர்கள் இருப்பார்கள். நாளைக்கு அந்த வண்டி யாரையாவது இடித்தால் பொலிஸ் பதிவுப் பெயரைத்தான் தேடும், வாங்கியவரும் அது தன் வண்டி என்று நிரூபிக்க அலையவேண்டும். நெருங்கிய ஆளாக இருந்தால் இன்னும் கவனமாகச் செய்யுங்கள், உறவும் கெடாது.

2025 ஜூலை 27

பின் இடப்பக்கம் கிறவலில் கடகட சத்தம். லிங்க் என்று நினைக்கிறேன்.

2025 ஓகஸ்ட் 10

லிங்க் இல்லை. மெக்கானிக் தம்பி தூக்கிப் பார்த்தான், எல்லாம் இறுக்கம்.

இரவு ஓட்டம் பற்றிக் கொஞ்சம். பரந்தன் முல்லைத்தீவு வீதியில் இருட்டியதும் மாடுகள் தாரில் வந்து படுக்கும், சூட்டுக்கு. கறுப்பு மாடு, கறுத்த றோட்டு. வண்டி பார்க்கும்போது யாரும் ஹெட்லைற்றைப் பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை. எங்கள் வண்டியின் ஹெட்லைற் மேற்பரப்பு மஞ்சளாகி வெளிச்சம் பாதியாகியிருந்தது. தேய்த்துப் பொலிஷ் பண்ணிய பிறகு, முன்பு தெரியாத தூரத்தில் மாட்டின் கண் மினுங்குவது தெரிகிறது. வாங்கப் போகிறவர்கள் ஒருதரம் இரவிலும் ஓட்டிப் பாருங்கள்.

2025 செப்டெம்பர் 14

பெற்றோல் கணக்கு, தாங்கி நிரப்பி மறுபடி நிரப்பி எடுத்தது: ஊருக்குள் 11. ஏ9இல் யாழ்ப்பாணம் போய்வந்தால் 14. நான் 12 என்று வைத்த கணக்கு கிட்டத்தட்டச் சரி. வருடத்துக்கு 75,000 கூடச் செலவாகும் என்று தெரிந்தேதான் எடுத்தோம், இப்போதும் மனம் மாறவில்லை. ஆனால் தினமும் கிளிநொச்சியில் இருந்து வவுனியாவுக்கு வேலைக்குப் போய்வருபவராக இருந்தால் நான் ஹைபிரிட்தான் எடுத்திருப்பேன். தம்பி, உங்கள் ஓட்டம் எவ்வளவு என்று எழுதுங்கள், அது தெரியாமல் மேலே நிறையப் பேசிவிட்டேன்.

சத்தம் தொடர்கிறது.

2025 டிசம்பர் 14

டித்வா புயல் அடித்த கிழமை வண்டியை வெளியே எடுக்கவில்லை. வாய்க்கால் கரையில் முழங்கால் தண்ணீர். உயரமான வண்டிதானே என்று ஒரு மாமா கேட்டார். 185 மில்லிமீற்றர் என்பது கல்லுக்கும் குழிக்கும்தான். ஓடும் தண்ணீரில் றோட்டு இருக்கிறதா அரித்துப் போய்விட்டதா என்று எந்த வண்டிக்கும் தெரியாது. 2018 டிசம்பர் வெள்ளத்திலும் இதையே பார்த்தோம்.

இப்போது வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் மாதங்களில் மலிவாக வண்டிகள் வரும். ஏப்ரல் 20 குறிப்பை ஒருதரம் வாசியுங்கள். பெல்ற்றைக் கடைசிவரை இழுங்கள். கம்பளத்துக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். பல ஹைபிரிட்களில் பற்றறி பின்னால் கீழேதான் இருக்கிறது, தண்ணீர் ஏறினால் அதுவும் நனையும்.

2026 ஜனவரி 4

சத்தம் பிடிபட்டது. டிக்கிப் பலகைக்குக் கீழே மேலதிகச் சில்லுக்குப் பக்கத்தில் ஜாக்கின் கைப்பிடி கொழுவியில் பூட்டாமல் கிடந்தது. பழைய துணி ஒன்றைச் சுற்றி வைத்தேன், போய்விட்டது. ஐந்து மாதம்.

புதுக்குடியிருப்புத் தம்பி நேற்று மறுபடி எழுதியிருந்தார். இன்னும் எடுக்கவில்லையாம். மாதம் 900 கிலோமீற்றர்தான் ஓட்டமாம். இரண்டு விட்டாரா, ஒரு வெசல் பார்த்து வைத்திருக்கிறாராம். அந்த வெசல் ஒரே கையில் இருந்தது என்கிறார், அப்படியென்றால் அதையும் தள்ளிவிடவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இங்கே வாருங்கள் தம்பி, காலை பத்துக்கு முன். அம்மாவையும் கூட்டி வாருங்கள், எங்கள் வண்டியில் ஏறி இறங்கிப் பார்க்கட்டும். ரேப் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுத் திண்ணையை மட்டும் அளந்துகொண்டு வாருங்கள்.